விடுதி அறையில் இயற்பியல்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு வகை. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் மற்றொரு வகை. பெரும்பாலோர் இரண்டுக்கும் சேர்த்தே வருகிறார்கள். யாராக இருந்தாலும் குடும்பமாகத்தான் வருகிறார்கள். கைக்குழந்தையும் வருகிறது, கைத்தடி ஊன்றிய பாட்டியும் வருகிறார். இவர்கள் எல்லோரும் ஓரிரு இரவுகள் தங்கும் இடம் நகரின் விடுதிகள்.

நான் வசிக்கும் செவிலிமேடு, நகரின் தெற்கே பாலாற்றின் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 40 ஆண்டுகளுக்குப் பிறகு அத்திவரதர் தரிசனம் நடைபெற்றது. அந்த 48 நாட்களும் ஊரில் கால் வைக்க இடமில்லை. எங்கள் வீடு உறவினர்களால் நிரம்பிவிட்டதால், பெரியம்மாவையும் அவருடைய மகளையும் நகரில் ஒரு விடுதியில் தங்க வைத்தோம். புதிய கட்டடம், முகப்பெல்லாம் கண்ணாடி, அறைக்குள் பளபளக்கும் தரை, சுவரில் மரப்பலகை, மெத்தென்ற நுரை மெத்தை. "அரண்மனை மாதிரி இருக்கிறதே!" என்றார் பெரியம்மா.

மறுநாள் விடியற்காலையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. விடுதிப் பையன் வெளியிலிருந்து நெம்பித் தாழ்ப்பாளை விடுவித்தும் கதவு திறக்கவில்லை. அது உட்புறமாகத் திறக்கும் கதவு. விழுந்தவர் அதன்மேல் சாய்ந்து கிடந்தார். "தள்ளாதேப்பா, என்மேல்தான் இடிக்கிறது" என்று மெல்லிய குரல் கேட்டது. கடைசியில் கீல்களின் திருகுகளைக் கழற்றிக் கதவைப் பெயர்த்துத்தான் அவரை வெளியே எடுத்தோம். தொடையெலும்பு இடுப்பருகே முறிந்திருந்தது.

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று எனக்குப் புலப்பட்டது. வகுப்பில் நான் கற்பிக்கும் உராய்வு, விசைத் திருப்புமை, வெப்பச் சலனம், மின்னோட்டம் ஆகிய அனைத்தும் ஒரு விடுதி அறைக்குள் குடியிருக்கின்றன. அவற்றை அறிந்து அமைத்த அறை நம்மைக் காக்கும். அழகை மட்டும் எண்ணி அமைத்த அறை நம்மை வீழ்த்தும். எவ்வாறு என்று காண்போம்.

தரை ஏன் வழுக்குகிறது?

நாம் நடக்கும்போது குதிகால் தரையில் பதியும் கணத்தில், கால் தரையைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு முன்னோக்கியும் தள்ளுகிறது. இந்த முன்தள்ளலை எதிர்த்துக் காலை நிறுத்தி வைப்பது உராய்வு விசை. சமதளத்தில் இயல்பாக நடப்பதற்கு உராய்வுக் குணகம் சுமார் 0.2 தேவைப்படுகிறது. திரும்புதல், விரைதல், தடுமாறுதல் ஆகியவற்றையும் கருதினால் 0.4 இருப்பது நல்லது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளப் பலகையின்மேல் டைல்ஸ் துண்டு ஒன்றை அசையாமல் ஒட்டுங்கள். அதன்மேல் ஒரு ரப்பர் செருப்பை வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். முனை 20 செ.மீ. உயர்ந்ததும் செருப்பு நழுவினால் குணகம் ஏறத்தாழ 0.2, 37 செ.மீ. வரை தாங்கினால் ஏறத்தாழ 0.4. சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம் என்று பாடத்தில் படித்தது இதுதான். பிறகு அதே டைல்ஸின்மேல் சோப்பு நீரைத் தெளித்து மீண்டும் செய்யுங்கள். வேறுபாடு உங்களைத் திடுக்கிட வைக்கும்.

நீர் என்ன செய்கிறது? பாதத்துக்கும் தரைக்கும் இடையே மெல்லிய படலமாக மாட்டிக்கொள்கிறது. வழவழப்பான பரப்பில் அது ஒதுங்க இடமில்லை. ஆகவே பாதம் தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கிறது. சொரசொரப்பான பரப்பில் நுண்ணிய பள்ளங்கள் உள்ளன. நீர் அவற்றுக்குள் ஒதுங்க, மேடுகள் பாதத்தைப் பற்றிக்கொள்கின்றன. நம் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லைக் கொத்திவிடுவதும், படிக்கட்டுக் கருங்கல்லைப் பொளிந்துவிடுவதும் இதனால்தான். குளியலறைக்குப் பளபளப்பற்ற, சொரசொரப்பான டைல்ஸே ஏற்றது. விலையில் பெரிய வேறுபாடு இல்லை.

குளியலறை வாசலில் நீர் வெளியே வராதிருக்க நான்கைந்து செ.மீ. உயரத்தில் ஒரு சிறு தடுப்பு வைப்பார்கள். நடக்கும்போது நம் கால்விரல்கள் தரையிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. மட்டுமே எழும்புகின்றன. பெரிய படியைக் கண் காண்கிறது. கால் தூக்கி வைக்கிறது. சிறு தடுப்பைக் கண் தவறவிடுகிறது, விரல் இடறுகிறது. தரையை வடிகால் பக்கம் சற்றே சரித்துவிட்டால் இந்தத் தடுப்பே வேண்டியதில்லை.

கட்டிலும் கைப்பிடியும்

ஒரு முக்காலியில் அமர்ந்து, முதுகை நிமிர்த்தி, பாதங்களை முன்னே நீட்டி வைத்தபடி எழ முயலுங்கள். முடியாது. எழ வேண்டுமானால் உடலின் ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு நேர்மேலே வர வேண்டும். ஆகவேதான் முன்னே குனிந்து எழுகிறோம். இருக்கை தாழத் தாழக் குனிவு கூடுகிறது. முழங்கால் மூட்டில் விசைத் திருப்புமை மிகுகிறது. இன்று நாகரிகம் என்று கருதப்படும் மிகத் தாழ்ந்த கட்டில், இளைஞனுக்கு அழகு, மூட்டுவலிக்காரருக்குச் சிறை. மெத்தையோடு சேர்த்து 45 முதல் 50 செ.மீ. உயரம் இருந்தால் முதியவர் எளிதில் எழலாம். சக்கர நாற்காலியின் இருக்கையும் ஏறக்குறைய அதே உயரம் என்பதால், அதிலிருந்து கட்டிலுக்கு நகர்ந்து கொள்வதும் எளிது.

கழிப்பறை இருக்கையின் பக்கத்தில் சுவரில் உறுதியாகப் பதித்த ஒரு கம்பி, எழும் வேலையின் ஒரு பகுதியைக் கைகளுக்கு மாற்றுகிறது. துண்டு போடும் கம்பியை இதற்கு நம்பக் கூடாது. அது துண்டின் எடைக்காகத் திருகப்பட்டது.

கதவின் பிடியையும் கவனியுங்கள். உருண்டைக் குமிழைத் திருக விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நீண்ட நெம்புகோல் பிடியை முழங்கையால் அழுத்தினாலும் திறக்கும். விசை சிறியதானாலும் தூரம் கூடினால் திருப்புமை கூடும் என்ற ஆர்க்கிமிடீஸ் காலத்துப் பாடம் இது.

மூன்று படியும் ஒரு சாய்தளமும்

பல விடுதிகளின் வாசலில் மூன்று படிகள் இருக்கும். படி ஒன்று 15 செ.மீ. என்றால் மொத்தம் 45 செ.மீ. சக்கர நாற்காலிக்கு இது மலை. சாய்தளம் அமைத்தால், 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது ஏற்கப்பட்ட விதி. அதன்படி 5.4 மீட்டர் நீளம் வேண்டும். "இவ்வளவு இடமா?" என்று சிலர் இரண்டரை மீட்டரிலேயே முடித்துவிடுகிறார்கள். விளைவைக் கணக்கிடுவோம். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். 1-க்கு 12 சாய்வில், உராய்வை விட்டுவிட்டால், அதைத் தள்ளி ஏற்ற வேண்டிய விசை ஏழரைக் கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். 1-க்கு 6 ஆகச் சாய்வைச் செங்குத்தாக்கினால் விசை 15 கிலோ எடைக்குச் சமமாகிறது. தள்ளுபவர் ஒரு பெண்மணியானால் இறங்கும்போது நாற்காலி அவர் கையை மீறி ஓடும்.

சாய்தளம் ஏறி உள்ளே வந்தபின் கதவும் இடங்கொடுக்க வேண்டும். நிலைக்குள் 90 செ.மீ. தெளிவான வழியும், நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெற்றிடமும் தேவை. அந்த வழி சக்கரம் பூட்டிய பெட்டியை இழுத்து வருபவருக்கும், தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டு வருபவருக்கும் பயன்படுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம், பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடங்களில் தடையற்ற அணுகலைக் கோருகிறது. எனவே இது விடுதிக்காரர் செய்யும் தயவு என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

ஈரக் கையும் மின்சாரமும்

உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம். நனைந்த உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்குக் குறைந்துவிடும். கெய்சரில் கசிவு ஏற்பட்டு 230 வோல்ட் அழுத்தம் நீர்க்குழாய்க்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி உடலில் பாயும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கை இறுகிப் பிடித்ததை விட முடியாது போகும். ஆனால் 16 ஆம்பியர் ஃபியூஸுக்கு இந்த 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று. அது சும்மா இருக்கும், ஆள் இறந்துபோவார்.

இங்கே காப்பாற்றுவது மின்கசிவுத் துண்டிப்பான். மின்சாரம் ஒரு கம்பி வழியே போகிறது. மற்றொன்றின் வழியே திரும்புகிறது. இவ்விரு கம்பிகளும் ஒரே இரும்பு வளையத்துக்குள் செல்லுகின்றன. போவதும் வருவதும் சமமானால் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். சிறிதளவு மின்சாரம் மனித உடல் வழியே தரைக்குப் போய்விட்டால் கணக்கு உதைக்கிறது. வளையத்தில் எஞ்சும் காந்தப்புலம் மூன்றாவது சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டி, நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. குளியலறைக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கருவி தேவை. ஒழுங்கான புவி இணைப்பும் அதனோடு இருக்க வேண்டும்.

நெசவாளரின் தீச்சோதனை

இனி நெருப்புக்கு வருவோம். பட்டு உண்மையானதா என்று ஐயம் வந்தால் எங்கள் ஊரில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டுவார்கள். பட்டானால் முடி கருகும் நாற்றம் வரும். தீயை விலக்கினால் எரிவது பெரும்பாலும் அடங்கிவிடும். சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டரானால் உருகிக் கெட்டியான மணியாக உறையும். பருத்தியானால் காகிதம்போல் எரிந்துகொண்டே போகும்.

இந்தச் சோதனையை ஆய்வகத்தில் எண்ணாகவே அளக்கிறார்கள். ஒரு பொருள் தொடர்ந்து எரியக் காற்றில் குறைந்தது எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்பதே அந்த எண். பருத்திக்கு அது சுமார் 18. பாலியெஸ்டருக்குச் சுமார் 21. பட்டுக்குச் சுமார் 23. கம்பளிக்குச் சுமார் 25. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ஆகவே பருத்தி தயக்கமின்றி எரிகிறது, கம்பளி தயங்குகிறது.

இதைப் படித்துவிட்டு விடுதிக்கெல்லாம் பட்டுத் திரை போட வேண்டாம். தொங்கும் திரை எதனால் ஆனதாயினும் எளிதில் எரியும். காரணம் அறிய ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சுடர் விரைந்து மேலேறி விரலைச் சுடும். நிமிர்த்திப் பிடித்தால் மெல்ல எரியும். சூடான வாயு மேலெழுந்து, இன்னும் எரியாத பகுதியை முன்கூட்டியே காய்ச்சி வைக்கிறது. தரைவரை தொங்கும் திரை, தலைகீழாகப் பிடித்த தீக்குச்சிக்கு ஒப்பானது. தீத்தடுப்பு மருந்திட்டு, தரச்சோதனைக்கு உட்பட்ட துணியையே திரைக்குப் பயன்படுத்த வேண்டும்.

மெத்தையும் அப்படியே. பாலியூரித்தேன் நுரை என்பது பெரும்பகுதி காற்று. மீதி பெட்ரோலியத்திலிருந்து வந்த பொருள். பற்றிக்கொண்டால் வெப்பத்தையும் நச்சுப்புகையையும் விரைவாகக் கக்குகிறது. புகை கூரையின்கீழ் அடுக்காகத் தேங்குகிறது. அதன் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவை எட்டும்போது, அதிலிருந்து வரும் கதிர்வீச்சு அறைவெப்பநிலையில் உள்ளதைவிட 70 மடங்குக்குமேல் ஆகிவிடும். கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுவதே காரணம். அப்போது தீ தொடாத நாற்காலி, கம்பளம், மரப்பலகை யாவும் ஒரே வேளையில் பற்றிக்கொள்கின்றன. நுரைப் பொருள்கள் நிறைந்த அறையில் இந்நிலை சில நிமிடங்களிலேயே வந்துவிடலாம்.

2019 பிப்ரவரி 12 அன்று விடியற்காலையில் டெல்லி கரோல்பாக் பகுதியில் அர்பித் பேலஸ் விடுதியில் தீப்பற்றி 17 பேர் மாண்டனர். நடைவழிச் சுவர்களில் பொருத்தியிருந்த மரப்பலகைகளால் அவ்வழியைப் பயன்படுத்த இயலாது போயிற்று என்று தீயணைப்பு அதிகாரிகள் அப்போது கூறினர். அழகுக்காகப் பொருத்திய பலகை, தப்பும் வழியை அடுப்பாக்கிவிட்டது. அறைக்குள் எது இருந்தாலும், நடைவழியிலும் படிக்கட்டிலும் எரியும் பொருள் எதுவும் இருத்தல் ஆகாது.

புகை ஏறும் வழி

300 டிகிரி வெப்பமுள்ள வாயுவின் அடர்த்தி, சாதாரணக் காற்றினதில் ஏறத்தாழப் பாதி. எனவே அது விரைந்து மேலே செல்கிறது. கதவில்லாத படிக்கட்டும் மின்தூக்கிக் குழியும் அதற்குப் புகைபோக்கிகள். 1980 நவம்பர் 21 அன்று அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரின் எம்.ஜி.எம். கிராண்ட் விடுதியில் தீ எரிந்தது கீழ்த்தளத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலோர், தீயைக் காணாமலே, மேல்மாடிகளில் புகையால் இறந்தனர்.

புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்குமேல் நெருக்கமாகப் பிணைகிறது. உறங்குபவர் விழிக்காமலே போய்விடுகிறார். ஆகவே அறைதோறும் புகை உணர்கருவி அவசியம். அதன் தத்துவம் எளியது. ஓட்டைக் கூரையின் வழியே வரும் சூரியக் கதிரில் தூசி மினுக்குவதைக் கண்டிருக்கிறீர்கள் அல்லவா? கருவிக்குள் இருட்டில் ஓர் ஒளிக்கற்றை செல்லுகிறது. புகைத்துகள் நுழைந்ததும் ஒளி சிதறி, பக்கத்திலுள்ள உணரியில் விழ, மணி அடிக்கிறது. காது கேளாதவருக்காக அதனோடு மின்னும் விளக்கும் வேண்டும்.

படிக்கட்டுக்குத் தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு இருந்தால் புகைக்கு வழி அடைபடும். அந்தக் கதவு காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் என்று கல்லை வைத்துத் திறந்தே வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். அந்தக் கல்லுக்கு உயிர்களின் விலை உண்டு.

வெளியேறும் கதவு

ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் ஒழுங்காக இறங்கினால் நொடிக்கு ஏறத்தாழ ஒருவர் செல்லலாம். அறுபது பேர் இறங்க ஒரு நிமிடம் போதும். எல்லோரும் முண்டினால் கணக்கு தலைகீழாகிறது. அரிசி மூட்டையின் சிறு வாயில் அரிசிமணிகள் ஒன்றையொன்று தாங்கி வளைவுபோல் அடைத்துக்கொள்ளும் அல்லவா? மனிதர்களும் அப்படியே அடைத்துக்கொள்கிறார்கள். அவசரம் கூடக் கூட வெளியேறுவது தாமதமாகும் என்பதை 2000-ஆம் ஆண்டில் ஹெல்பிங் முதலிய இயற்பியலாளர்கள் கணிப்பொறிக் கணக்கால் காட்டினர்.

நம் தமிழகம் இதைக் கண்ணீரோடு கற்றிருக்கிறது. கல்யாண மண்டபமும் விடுதியைப் போலவே, வழி தெரியாத வெளியூர்க்காரர்கள் கூடும் கட்டடம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றியது. இறங்கும் படிக்கட்டு குறுகலானது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கீற்று எரிவதற்கும் வழி அடைபடுவதற்கும் இடையே கிடைத்த நேரம் அவ்வளவு குறைவு.

ஆகவே ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்த இரண்டு படிக்கட்டுகள் வேண்டும்; ஒன்றில் புகை நிறைந்தால் மற்றொன்று உதவும். கூட்டம் வெளியேறும் கதவு, செல்லும் திசையிலேயே திறக்க வேண்டும். உட்புறமாகத் திறக்கும் கதவைக் கூட்டம் தன் எடையாலேயே பூட்டிவிடுகிறது. பெரியம்மாவின் குளியலறைக் கதவுக்கு நேர்ந்ததும் இதுவே. ஒருவர் சாய்ந்தாலும் நூறு பேர் சாய்ந்தாலும் கதவுக்கு விதி ஒன்றுதான்.

அன்று அந்த விடுதியின் பின்படிக்கட்டையும் பார்த்தேன். பழைய மெத்தைகளும் தண்ணீர் கேன்களும் அடுக்கியிருந்தார்கள். கீழ்க்கதவில் பூட்டு தொங்கியது. பெரியம்மாவை முன்படிக்கட்டின் வழியே நாற்காலியில் வைத்துத்தான் நால்வர் இறக்கினோம். அந்த நேரத்தில் தீயும் பற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

யாருக்காகக் கட்டுவது?

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதன்முதலில் 1970-இல் வெளிவந்தது. 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. மேலே கண்டவற்றில் பல அதில் இருக்கின்றன. விதி ஏட்டில் இருக்கிறது. ஆனால் அறையை அலங்கரிப்பவர் திடகாத்திரமான, கண் தெளிவான, விழித்திருக்கும் ஓர் ஆளையே மனத்தில் வைத்துக்கொள்கிறார். உண்மையில் விடுதியில் தங்குபவர் யார்? பயணக் களைப்பில் உறங்குபவர். நள்ளிரவில் புதிய இடத்தில் சுவிட்சைத் தேடுபவர். இருபது வயதினரின் விழித்திரைக்குக் கிட்டும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே கிட்டும் அறுபது வயதினர். புகை சூழ்ந்துவிட்டால் எல்லோருமே பார்வையற்றவர்கள். அடிபட்டால் எல்லோருமே நடக்க இயலாதவர்கள். ஆகவே மிகவும் இயலாதவரை மனத்தில் வைத்துக் கட்டிய அறைதான் அனைவருக்கும் பாதுகாப்பான அறை. வரைபடத்தில் இருக்கும்போதே இதற்கு இடம் ஒதுக்கினால் செலவு சிறிது. கட்டி முடித்தபின் இடித்துத் திருத்தினால் பெரிது.

அடுத்த முறை விடுதிக்குப் போகும்போது ஐந்து நிமிடம் செலவிடுங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே, உங்கள் அறையிலிருந்து எத்தனை கதவு தள்ளி என்று எண்ணி வையுங்கள்; அதன் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். ஈரக் குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பாருங்கள். வயதானவர் உடன் வந்தால் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தீ என்று கேட்டால் மின்தூக்கியை நாடாதீர்கள்; புகை சூழ்ந்தால் குனிந்தோ தவழ்ந்தோ செல்லுங்கள், நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். நடைவழியே புகையால் நிறைந்திருந்தால் கதவை மூடி, அடியிடுக்கில் ஈரத்துணி செருகிச் சன்னலருகே உதவி கேளுங்கள்.

பெரியம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வெளியூர் போவதை அவர் விடவில்லை. விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது வாடகை கேட்பதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி, "குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்பதுதான். முதலில் விடுதிக்காரர்கள் சிரித்தார்களாம். கேட்பவர்கள் பெருகினால் கதவுகளும் மாறும். நீங்களும் கேளுங்கள்.